மாப்பிள்ளை காரின் அகல டயர்

போன வருடம்தான் எழுதக் கற்றேன். ஒற்றை விரலால் தட்டுகிறேன், பொறுங்கள்.

என் மாப்பிள்ளை, மகளின் கணவர், தன் சொகுசு காருக்குப் பின்பக்கம் மட்டும் அகலமான சக்கரமும் டயரும் தேர்ந்தெடுத்தார். இன்று ஆரணி டயர் கடையில் மாட்டினோம்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "அகலமா இருக்கலாம் சார், உயரமா இருக்கக் கூடாது. இது முன்னாடி டயரவிட ஒசரம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, கியர் பேஜாராயிடும். ஓட்டாத டயர்னா மாத்தித் தரேன்" என்றார்.

மாப்பிள்ளை கேட்கவில்லை. "சாயங்காலம் போளூர்ல தம்பிக்கு நிச்சயதார்த்தம். இதுலதான் போய் எறங்கணும்" என்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

பழம் நசுங்கினால் ஓட்டிய டயர், கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். குனிந்து நான்கு பழத்தையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

"இன்னா மாமா, சாமி காரியத்துல வெளையாடிகினு! பழத்த வைங்க!"

"பின்னாடி ஒசரமாத்தான் வேணும்னா டிராக்டர் வாங்கித் தரேன் மாப்ள. அதுலயே போலாம்."

கடையே சிரித்தது. பழம் வைக்காமல் நகர்த்தத் தைரியமில்லை, இறங்கிவிட்டார்.

பழைய டயரையே திரும்ப மாட்டிப் போளூர் வந்தாயிற்று. பெண் வீட்டார் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

நிச்சயதார்த்தத்தில் டயரைப் பார்த்தவர் உங்களில் யாராவது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள், மாப்பிள்ளை பக்கத்தில்தான் முறைத்துக்கொண்டு இருக்கிறார்.