நஜீபாவிடம் வந்து போகிறவர்

நஜீபாவை ஜின் என்கிற ஆவி பிடித்திருக்கிறது என்று காரைக்காலில் ஒரு பேச்சு. விடிகாலையில் மைதானத்தில், ஆள் இல்லாத பக்கம் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்கிறாளாம். உட்கார நாற்காலி கூட இல்லையாம். ஊருக்கு அதுதான் பெரிய குறை.

விசாரித்துக்கொண்டே போனால் பேச்சு குஞ்சிதபாதத்திடம் போய் நின்றது. அரசு வேலையில் ஓய்வு பெற்று, சர்க்கரைக்காக மைதானத்தில் நடப்பவர். நடப்பதைவிட நின்று பார்ப்பது அதிகம்.

"நீங்களே கேட்டீங்களா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேங்க. நாலு வருஷமா தினம் எதிர எதிர வர்றோம். நம்மள ஒரு நாள் வாங்கன்னு சொன்னதில்ல. அதுக்கு மட்டும் என்ன மரியாதைங்கறேன்!"

அவருடைய வருத்தம் ஜின்னைப் பற்றியது அல்ல.

நஜீபாவுக்கு இருபத்தேழு வயது. டிரிபிள் ஜம்ப்காரி. ஓடி வந்து, பலகையில் கால் வைத்து, மூன்று எட்டில் தாவி மணலில் போய் விழுகிற விளையாட்டு. பதினோரு வருடமாக விழுகிறாள். நாட்டின் முதல் எட்டுப் பேரில் ஒருத்தி. எட்டரை மணிக்கு மேல் தருமபுரத்துப் பள்ளி ஒன்றில் விசில் ஊதுகிற பி.டி. மிஸ்.

கடைசி இரண்டு தேசியப் போட்டிகளிலும் அவளுடைய எல்லாத் தாவலும் ஃபவுல். கட்டைவிரல் பலகையின் கோட்டைத் தாண்டிவிட்டது. போட்டிக்கு மூன்றாக ஆறு தாவல், ஆறு சிவப்புக் கொடி. அடுத்த போட்டியிலும் ஒரு தாவலாவது செல்லாவிட்டால் தேசிய முகாமிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. கடிதத்தின் அடியில், மனப்பயிற்சி நிபுணர் ஒருவரின் தொலைபேசி எண். குழியில் மணல் போடச் சொல்லி மூன்று வருடமாக எழுதிக் கொண்டிருக்கிறாள். அதற்குப் பதில் இல்லை. மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க ஆள் வந்துவிட்டது.

வந்த ஆள் தேவிகா. பெங்களூரிலிருந்து, வீடியோவில். நஜீபாவைவிட இரண்டு வயது சின்னவள்.

"பயத்த அடக்கப் பாக்காதீங்க. வந்தா, வந்திருக்குன்னு கவனிங்க. மூச்சு போறது, பாதத்துல தரை படறது, எல்லாத்தையும் கவனிங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க ஓடுங்க. அதுக்கு இடம் கொடுங்க."

நஜீபாவுக்குக் கடைசி வாக்கியம்தான் சட்டென்று பிடிபட்டது. வீட்டுக்கு வந்தவருக்கு இடம் கொடுக்கத் தெரியாதா என்ன? மறுநாளிலிருந்து ஓடுபாதையின் முனையில் நின்று, நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியதும், "வாங்க, உக்காருங்க" என்றாள். உள்ளங்காலில் ஈரம். கீழவாஞ்சூர்ப் பக்கம் போகும் லாரியின் ஹாரன். காதில் விழும், விழட்டும் என்று விடுவாள். பிறகு ஓடுவாள்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. பதினோராம் நாள் தேவிகாவிடம் புகார்.

"வாங்கன்னா வருது மேடம். போக மாட்டேங்குது."

"அனுப்பும்போது என்ன சொல்றீங்க?"

"போயிட்டு வாங்கன்னு சொல்றேன்."

தேவிகா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். எதையும் அடக்கக் கூடாது என்பது அவள் பாடம்தான். "அப்ப வரத்தானே செய்யும்?"

"பின்ன? மூஞ்சிக்கு நேரா போங்கன்னு சொன்னா அது சண்டைல்ல மேடம்?"

இந்தத் தடவை தேவிகா சிரித்தே விட்டாள். "சரி, மாத்தாதீங்க. திரும்ப வரும்னு தெரிஞ்சே ஓடுங்க. நான் சொல்ல நெனச்சதும் அதான்."

இதை நஜீபா என்னிடம் சொன்னது மணல்குழியின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டிய டேப்பை உரித்தபடி. "பயம் போனா நல்லாத் தாண்டலாம்னு பத்து வருஷம் அதத் துரத்துனேங்க. தாண்டுனதவிட துரத்துனதுலதான் அலுப்பு. இப்ப அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

குஞ்சிதபாதத்திடம் போய், ஜின் இல்லை, வெறும் பயம் என்று சொன்னதற்கு அவர் முகம் விழுந்துவிட்டது. "பயமா? அதுக்கு ஜின்னே தேவலாங்க."

போட்டி வடக்கே ஒரு ஊரில். ரயிலில் இரண்டு நாள். முதல் தாவல் சிவப்புக் கொடி. இரண்டாவது, நகத்தளவு தாண்டி, சிவப்புக் கொடி. மூன்றாவதற்கு முனையில் நின்று "வாங்க" என்றாள். வந்தவர் தனியாக வரவில்லை. எட்டுச் சிவப்புக் கொடிகள், முகாமின் கடிதம், வீங்கிய முழங்கால், சொந்தபந்தம் மாதிரி மொத்தமாக வந்து இறங்கின. யாரையும் திருப்பி அனுப்ப அவளிடம் தெம்பு இல்லை. இருங்க என்று விட்டுவிட்டு ஓடினாள்.

வெள்ளைக் கொடி. பன்னிரண்டு மீட்டர் எழுபத்தொன்று.

குதிக்கவில்லை, அழவில்லை. மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். கொடிக்காரர் இந்தியில் அதட்டிய பிறகுதான் எழுந்தாள். அதற்குப் பிறகு கிடைத்த மூன்று தாவல்களிலும் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏழாமிடம். முகாமில் பெயர் இன்னும் ஒரு வருடம் இருக்கும்.

வீட்டில் அவளுடைய உம்மா ஷரீபுன்னிசா வாசலிலேயே நின்றாள். ஊர்ப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. மகள் ரயிலேறிய அன்றே தர்காவில் நேர்ந்துகொண்டாளாம்: அது புள்ளயை விட்டுப் போனால் ஏழு பேருக்கு நெய்ச்சோறு.

"தாண்டிட்டியே, போயிடுச்சுல்ல?"

"எங்க போவுது? ரயில்ல பக்கத்து சீட்டுலதான் வந்துச்சு."

"யா அல்லாஹ்! அப்பறம் எப்புடி புள்ள தாண்டுன?"

"அது இருக்கும்போதுதான் உம்மா தாண்டுனேன்."

"அது போனா ஏழு பேருக்குச் சோறுன்னு நேர்ந்துட்டேனே. ஆக்குறதா வேண்டாமா, அதச் சொல்லு."

"தாண்டுனா போடுறேன்னு நேர்ந்திருக்கலாம்ல. போனா போடுறேன்னு யாரு உங்கள நேரச் சொன்னா?"

"எனக்கென்ன தெரியும், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்!"

நஜீபா பையைக்கூடப் பிரிக்காமல் போய்ப் படுத்துவிட்டாள். ஷரீபுன்னிசா சீரகச் சம்பா வாங்கி வைத்திருக்கிறாள், நெய்யும் இருக்கிறது. போகாததற்குச் சோறு போட்டால் நேர்ச்சை கழியுமா, போடாவிட்டால் குற்றமாகுமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த ஏழு பேரும் இன்னும் சாப்பிடவில்லை.