முப்பத்தைந்து இருபத்து மூன்றான காலை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆரணிப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வேலூரில் பத்து நாள் பயிற்சி எடுத்திருந்ததால், கணக்கு டீச்சரான என் பொறுப்பில் விட்டார்கள். "ரிப்பேர் ஆச்சின்னா நீதாம்மா பதில் சொல்லணும்" என்றார் தலைமை ஆசிரியை. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு விரல் சில்லிட்டுப்போகும்.

அரையாண்டு மதிப்பெண்களை அதில் ஏற்றிய மறுநாள், கண்ணமங்கலத்திலிருந்து ஒரு நெசவாளி வந்தார். அவர் மகள் எங்கள் பள்ளியில் பத்தாவது. கணக்கில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தவர். அந்தப் பெண்ணின் வரிசை எண்ணை அடித்தேன். திரையில் 23 என்று வந்தது.

"முப்பத்தஞ்சு வேணுமே. பெயிலுங்களா?"

"ஆமாங்க" என்றேன். நான் திருத்திய தாள்தான், ஆனால் மதிப்பெண் நினைவில்லை.

"போதும்மா. இன்னைக்கே கூட்டிகினு போய்டறேன்."

வாசலில் நின்றிருந்த மகள் பையைத் தூக்கிக்கொண்டு, அழுதபடி அவர் பின்னால் போனாள்.

அடுத்த பெண்ணின் எண்ணை அடித்தேன். 2E. மதிப்பெண்ணில் எழுத்து எப்படி வரும்? ரிப்பேர் ஆக்கிவிட்டேனா? எல்லாம் அழிந்துவிட்டதா?

பிறகுதான் உறைத்தது. ஒரே மதிப்பைச் சாதாரண எண்ணாகவும் பார்க்கலாம், பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கிலும் பார்க்கலாம். அதில் பத்து முதல் பதினைந்து வரைக்கும் எழுத்துகள்தான். முந்தின மாலை, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து இரண்டாவது விதத்துக்கு மாற்றியவள், திருப்பி மாற்றாமலே போயிருந்தேன். 23 என்றால் இரண்டு பதினாறும் ஒரு மூன்றும். பழைய விதத்துக்கு மாற்றி, நெசவாளி மகளின் எண்ணை மறுபடி அடித்தேன்.

35.

விடைத்தாளை உருவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர்.

"எறங்குங்க! பாஸ்! நான்தான் தப்பாப் பாத்துட்டேன்!"

அவர் அசையவில்லை. "அதே மெஷின்தான இருபத்தி மூணுன்னு சொல்லிச்சி? இப்ப எத நம்பறது?"

தாளை ஜன்னல் வழியே நீட்டினேன். சிவப்பு மையில் என் கையெழுத்தில் 35. அவர் மகள்தான் முதலில் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பஸ் நகரத் தொடங்கியதும் அவரும் குதித்து இறங்கினார்.

தலைமை ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.