மூன்றாவதாக விழுந்த பேர்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பீர்கள். எனக்கு வந்தது போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தின்ற புரோட்டா இன்னும் செரிக்கவில்லை.

என் பெயர் சிவப்பிரகாஷ். ஊர் கொழிஞ்சாம்பாறை. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்துவிடுவது என் பிழைப்பு. தேவிகுளம் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெருமழையில் மலை சரியும் ஆபத்து என்றால் சரிவில் வரிசையாக இருக்கும் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குச் சைரன் அடிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது பெட்டிக்குள் வெறும் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்கள். ஒன்று பேக்டரியில், ஒன்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில். இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க், பேக்டரி அறையில். கோத்துவிட்டால் வேலை முடிந்தது. மறுநாள் காலை என் மகளுக்குக் காது குத்து. நாலரை பஸ்ஸை விட்டால் என் மனைவி மௌனிகா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

துணைக்கு இருந்தவர் பேக்டரி எலக்ட்ரீசியன் சூசையப்பன்.

"ஒரே டிஸ்க்க ரெண்டு மெஷினு எப்படி சார் பங்கு வைக்கும்? அடிச்சுக்கிடாதா?"

"ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா ஒவ்வொண்ணும் 'நான் இருக்கறன்'னு டிஸ்க்ல பேரைப் போடுமுங்ண்ணா. ரெண்டு பேராச்சும் இருந்தாத்தான் சைரன் ஓடும். ஒத்தையா மாட்டுனா நின்னு போயிரும். நியாயமா மூணு மெஷின் வேணுமுங்க."

"பெரட்டுல பேரு போடுற மாதிரியா?" என்றார்.

காலையில் வேலைக்கு நிற்பவர்களின் பேரைக் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கே பேர் இருந்தால்தான் வேலை, லயத்தில் வீடு. பேரை வெட்டிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டிஸ்க் பழசு. பேர் எழுதும்போதெல்லாம் சத்தம் போட்டது. டக்... டக்... பேக்டரி, ஆஸ்பத்திரி. சரி, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

மணி 2:50.

டக்... டக்... டக்.

திரையில் மூன்றாவதாக ஒரு பேர். 'கிரெச்'.

பழைய டிஸ்க்கில் பழைய பேர் கிடக்கலாம். ஆனால் கிடக்கிற பேர் எழுதாது. இது எழுதியது. கேபிளை எண்ணினேன். இரண்டுதான். அந்த மெஷினின் நகல் ஏதாவது இந்த இரண்டு பெட்டிக்குள் ஓடுகிறதா என்று தேடினேன். இல்லை. எரிச்சலோடு பேரை வெட்டினேன்.

திரும்ப வந்தது.

"கிரெச் எங்கீங்ண்ணா இருக்குது?"

சூசையப்பன் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தார். "பிள்ளைகள விட்டுட்டுப் போற எடம். இப்ப இல்ல சார்."

"மறுக்கா வெட்டிப் பாக்கறனுங்க."

"பேர வெட்டாதீங்க சார்."

எனக்கு பஸ்தான் பெரிதாக இருந்தது. வெட்டினேன்.

டக்... டக்...

மணி 3:20. கரண்ட் போனது. பேக்டரியில் ஜெனரேட்டர் எடுத்தது. ஆஸ்பத்திரியில் எடுக்கவில்லை.

டக்...

ஒரே பேர். திரை சிவந்தது. இனி சைரன் அடிக்காது.

வெளியே மழை கொட்டியது. கீழே லயங்களில் நாற்பது வீடு. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில். பட்டன்களைத் தட்டினேன். எதுவும் வேலை செய்யவில்லை. பயந்துவிட்டேன்.

அப்போது ஒரு வாசனை...

மூடிய அறைக்குள் ஈர மண். கூடவே, பால் காய்ச்சும் வாசனை.

டக்...

டக்.

கிரெச்.

சைரன் அலறியது.

மழை அளவு ஆபத்து எல்லையைத் தொடவே இல்லை. திரையில் நானே பார்த்தேன். அடிக்கக் கூடாத சைரன் அது.

சூசையப்பன் லயத்துக்கு ஓடினார். "மேல கோயிலுக்குப் போங்க! பிள்ளைகளத் தூக்குங்க!"

3:52.

மலை இறங்கியது.

கீழ் லயம் மண்ணுக்குள் போனது. உள்ளே ஒருவரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து எஸ்டேட் ஆபீசிலிருந்து போன் செய்தார்கள். மூன்றாவது மெஷின் ஒன்று உண்மையிலேயே இருந்ததாம், கிரெச்சில். இரண்டு வருடம் முன்பு நடந்த சரிவில் கிரெச் புதைந்தது. அந்தப் பெட்டியும், தினமும் காலையில் அதற்கு ஸ்விட்ச் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் ஆயா இருதயம்மாளும் இன்றுவரை கிடைக்கவில்லை. பிள்ளைகள் வருவதற்கு முந்திய நேரம், அவர்கள் தப்பினார்கள்.

உடல் கிடைக்காததால் பேரை வெட்டவில்லை. ஒவ்வொரு பெரட்டிலும் அவள் பேரைக் கூப்பிடுவார்களாம். புருஷன் சூசையப்பன் "இருக்கா" என்பாராம்.

நான் போனதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அந்தப் பேரைப் பெரட்டிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி மெஷின் இன்னும் எழவில்லை. ஆனால் சைரன் சிஸ்டம் நின்றுபோகவில்லை, டிஸ்க்கில் இன்னும் இரண்டு பேர் விழுகிறது. நான் இங்கே கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடியே திரையில் பார்க்கிறேன். தினமும் காலை பெரட்டு நேரத்துக்கு சூசையப்பன் போன் செய்கிறார். ஒரே கேள்விதான்.

"இருக்காளா சார்?"

திரையைப் பார்க்கிறேன்.

"இருக்காங்ண்ணா."