வட்டமும் சைக்கிள் ஸ்டாண்டும்

காலை எட்டு மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. பஞ்சு குடோனின் இரட்டைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, வட்டமாகப் போடப்பட்டிருந்த இரும்பு மடக்கு நாற்காலிகள். பொதிகளை ஓரமாகத் தள்ளி நடுத்தரையைக் கூட்டியிருந்தார்கள். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி இருந்தன. எங்கள் மில்லில் கை வைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. அது மில் வேலை முழுவதையும் மேற்பார்க்கும் ஸ்பின்னிங் மாஸ்டருடையது. அன்று அதைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்திருந்தார்கள். மாஸ்டர் வந்தார். வெளியே கிடந்த தன் நாற்காலியைப் பார்த்தார், உள்ளே இருந்த வட்டத்தைப் பார்த்தார், எதில் உட்காருவது என்று தெரியாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன்னால், சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த அந்த நூல் மில்லில் ஆட்களின் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸ் கிளார்க் நான். முதலாளி ஜெர்மனியிலிருந்து புது மிஷின்களை வரவழைத்திருந்தார். அவற்றை மாட்டி, ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஒரு வருடம் கூடவே இருப்பதற்கு ஓர் எஞ்சினியரும் வந்து சேர்ந்தார். தொழிலாளர்கள் அவரைத் துரை என்றார்கள். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால், மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். வட்டம் அவருடைய ஏற்பாடு. திங்கட்கிழமைதோறும் எட்டு மணிக்கு எல்லாப் பகுதி ஆட்களும் உட்கார வேண்டும். மிஷினில் என்ன கோளாறு, வேலையில் என்ன தவறு என்று யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னவருக்கும் சொல்லப்பட்டவருக்கும் தண்டனை கிடையாது. அவர்கள் ஊர் மில்களில் இப்படித்தான் நடக்கும் என்றார். நான் தமிழில் சொல்லி முடித்ததும் ஆளாளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசை என்று ஒன்று இல்லாததால் ஒளிந்துகொள்ளவும் முடியவில்லை.

“ஏலே, வட்டமா உக்கார வச்சிருக்காங்களே, பந்தியா? எலய எங்க?” என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

“சும்மா இரும்வே. மொதல்ல சாம்பார்ல உப்பு இருக்கான்னு கேப்பாவ. இருக்குன்னு சொல்லிட்டுக் கெளம்புவோம்.”

துரை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “எல்லாம் நல்லாயிருக்கு சார்.” கார்டிங் பகுதி மேஸ்திரி, எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், எழுந்து நின்றுகொண்டு அதையே சொன்னார். துரை அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்து இன்னொரு முறை சொன்னார்.

ஆடித்தபசுக்கு முந்தின வாரம் துரை கேட்டார்: திருவிழா அன்று எத்தனை பேர் வரமாட்டீர்கள்? எல்லாரும் வருவோம் சார் என்றது வட்டம். அன்றைக்கு மில் ஆட்களில் வந்தவர்கள் வாட்ச்மேன், துரை, மாஸ்டர், நான். ஊர் முழுவதும் கோயிலைச் சுற்றி நின்றது. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மாஸ்டர் மட்டும் பதறவில்லை. முந்தின நாளே மிஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு ஏற்றபடி வேலையை முடித்து வைத்திருந்தார். வெளியூரிலிருந்து ஃபிட்டர்களையும் வரச் சொல்லியிருந்தார். யாரும் வரமாட்டார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று துரை என்னிடம் கேட்டார். வரமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

மாஸ்டருக்குத் தெரிந்த வழி சைக்கிள் ஸ்டாண்டு. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், நன்றாகப் படித்தவர், எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும்போது தன் சைக்கிளுக்கு முன்னால் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் காற்று நிரம்பிய டயருக்கே மறுபடி பம்பு அடிப்பார். ஆட்கள் பூட்டைத் திறக்கிற சாக்கில் பக்கத்தில் நிற்பார்கள். “நாலாம் மிஷின்ல பெல்ட்டு கருகுத வாசம் வருது மாஸ்டர். நான் சொன்னேன்னு இல்ல.” அவர் தலையைத் திருப்ப மாட்டார். “டியூப் பழசாயிட்டுல்லா” என்பார். மறுநாள் காலையில் பெல்ட் மாறியிருக்கும். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. யாரைப் பற்றிச் சொன்னதோ அவருக்கும் தலைகுனிவு இல்லை. பார்க்கிறவர்களுக்கு அவர் டயர்மேல் கவலை தீராத மனிதர்.

துரை அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த சைக்கிளுக்குத் தினமும் என்ன கோளாறு என்று ஜன்னலருகே நின்று கேட்டார். நான் விளக்கினேன். இது அவருக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் குடோனுக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு சொன்னார்: “யுத்த காலத்தில் நான் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் தனியாகப் போய்ப் போலீசிடம் சொல்லுவார். அவர் யாரைப் பற்றிச் சொன்னாரோ, அந்த வீட்டில் மறுநாள் விளக்கு எரியாது.”

இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த நூல் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். “அப்படியா சொல்லுதாரு? இங்கன நாலு பேருக்கு முன்னால சொன்னாத்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியாது. இத அவர்ட்ட சொல்ல வேண்டாம், என்ன?” நான் சொல்லவில்லை. இரண்டு பேருடைய பயமும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் ஒருவர் தப்பிக்க ஓடிய பக்கத்திலிருந்துதான் மற்றவர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

துரை முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி எதையும் தடுத்து உத்தரவு போடவில்லை. மாஸ்டரைக் கூப்பிட்டு, “எதுக்கு மாஸ்டர் தெனமும் வெயில்ல நிக்கிய? வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போங்களேன்” என்றார். மறுநாளிலிருந்து மாஸ்டர் மூன்று மணிக்கு சைக்கிளை எடுத்ததும் ஏறிப் போனார். வட்டம் திங்கள்தோறும் கூடி, எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்லிக் கலைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் மாஸ்டரும் வெளியே வந்தோம். செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கார்டிங் பகுதித் தொழிலாளி ஒருவர் நின்றார். இளையரசனேந்தல்காரர், மேஸ்திரி அண்ணாச்சியின் சொந்தத் தங்கை மகன். அண்ணாச்சியின் மகளை அவருக்குத்தான் பேசி வைத்திருந்தார்கள். அவர் மாஸ்டரிடம் சட்டைக் கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாராகக் கிழிந்திருந்தது. கார்டிங் மிஷின் பஞ்சைச் சீவுகிற மிஷின். அதன் உருளைகளில் கம்பிப் பற்கள் உண்டு. ஓரத்தில் ஒரு தகர மூடி இருக்கும். மூடி இருந்தால், உள்ளே சேரும் பஞ்சை எடுக்க மிஷினை நிறுத்த வேண்டும். உற்பத்தி குறைகிறது என்று முதலாளி வீட்டிலிருந்து கேள்வி வந்ததும், அண்ணாச்சி மூடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். ஓடுகிற மிஷினுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்தத் தடவ சட்டையோட போச்சு மாஸ்டர். மாமாட்ட கேட்டுராதிய. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சிரும்.”

சைக்கிள் ஸ்டாண்டு இருந்த காலமாக இருந்தால், மாஸ்டர் மறுநாள் காலை தற்செயலாகப் பார்த்ததுபோல் அந்தப் பக்கம் போயிருப்பார். சொன்னவர் கூட்டத்தில் ஒருவராக மறைந்திருப்பார். இப்போது மாஸ்டருக்கு ஒன்று தெரிகிறது என்றால் யாரோ தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது யார் என்று அண்ணாச்சி கண்டுபிடிக்க அரை நாள் ஆகாது. சொல்லாமல் விட்டால் அடுத்த முறை சட்டையோடு நிற்காது. மாஸ்டர் சர்ச் வாசலில் செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். தனியாக நடந்து போனார்.

திங்கள் காலை துரை வழக்கம்போல் கேட்டு வந்தார். மாஸ்டரின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்றார். “கார்டிங் மிஷின்ல ஓரத்து மூடிய கழத்தி வச்சிருக்கு. கழத்தச் சொன்னது நான்தான். அது தப்பு. கை போயிரும். இன்னைக்கே மாட்டிரணும்.” மூடியைக் கழற்றச் சொன்னவர் அவர் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் துரை எழுந்து வட்டத்தைக் குறுக்கே கடந்து போய், மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இன்றுதான் இந்த வட்டம் தொடங்குகிறது என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மதியத்துக்குள் மூடிகள் மாட்டப்பட்டன. நட்டுகளை அண்ணாச்சியே முடுக்கினார்.

மறுநாள் முதலாளி மில்லுக்கு வந்தார். மாஸ்டருக்கும் தனக்கும் டீ வரவழைத்தார். “உடம்பு எளைச்சுப் போச்சே மாஸ்டர். ஒரு வாரம் பாளையங்கோட்டைக்குப் போயி பிள்ளைகளோட இருந்துட்டு வாங்க.”

“இப்ப வேண்டாமே முதலாளி. புது மிஷின் இப்பதான் ஓட்டத்துக்கு வந்திருக்கு.”

“போயிட்டு வாங்கன்னு சொல்லுதேன்லா.”

மாஸ்டர் போன பிறகு முதலாளி டைம் ஆபீஸ் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். “வேலைக்காரங்க முன்னால ஒரு மாஸ்டரு நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா, நாளைக்கு அவரு சொல்லு எடுபடுமாவே? அதுவும் வெள்ளக்காரன் முன்னால.”

ஒரு வாரம் முடிந்தது. மாஸ்டர் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மில்லுக்கு வரச் சொல்லி ஆள் வரவில்லை. தினமும் காலையில் சவரம் செய்து, முழுக்கைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். பேப்பர் வாங்கி விரிப்பார், மடிப்பார். மில்லுக்குப் போகும் எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். கிறிஸ்துமஸுக்கு முதலாளி வீட்டிலிருந்து அவருக்குப் பழக்கூடை வந்தது, சுற்றிலும் ஜரிகைத் தாள் ஒட்டி. கூடையைக் கொண்டுவந்த டிரைவரிடம் வேறு ஏதாவது சொல்லி அனுப்பினார்களா என்று மாஸ்டர் கேட்டாராம். திங்கள்தோறும் துரை அவருடைய நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்து, மாஸ்டர் எப்போது வருகிறார் என்று வட்டத்தில் கேட்பார். மேஸ்திரி அண்ணாச்சி எழுந்து நின்று, “வந்திருவாரு சார்” என்பார். நான் அதை மொழிபெயர்ப்பேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மாஸ்டர் என்னை நிறுத்தினார். உட்காரவில்லை. பேப்பரைச் சுருட்டித் தொடையில் தட்டிக்கொண்டே பேசினார். “வரவேண்டாம்னும் ஒருத்தரும் சொல்லலயே. சொல்லிட்டா வேற மில்லுக்காவது எழுதிப் போட்டிருப்பேன். அந்தத் தொரை மாதிரி மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிரும்?” கேட்டுவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பஸ் வந்துவிட்டது.

பிறகு புது மாஸ்டர் வந்தார். கை வைத்த நாற்காலி உள்ளே போனது. துரை வருடம் முடிந்து ஊருக்குப் போனார். பழைய மாஸ்டர் பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டேன். இளையரசனேந்தலில் நடந்த அண்ணாச்சி மகளின் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலி கட்டினார். பத்திரிகையில் பல அலுவலகங்களைப் பார்த்துவிட்டேன். மேசையைக் குத்திப் பேசுகிறவர்களிடமும், டீ வாங்கிக் கொடுத்துக் கழற்றிவிடுகிறவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். எந்த வழி மனிதனைக் குறைவாகக் காயப்படுத்துகிறது என்று கேட்டால் இன்றைக்கும் ஒரு பதில் நிற்பதில்லை. துரை பக்கம் சாய்ந்தால் பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாஸ்டர் சரி என்கிறார். சர்ச் வாசலில் செருப்போடு நிற்கும் மாஸ்டர் இல்லை என்கிறார்.

சென்ற வருடம் ஒரு கட்டுரைக்காக அந்த மில்லுக்குப் போனேன். கை மாறிவிட்டது, நூல் இப்போது வெளிநாட்டுக்குப் போகிறது. வாங்குகிற கம்பெனியின் விதிப்படி மாதம் ஒரு முறை கூட்டம் நடத்த வேண்டுமாம். அதே குடோனில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ராயகிரியிலிருந்து வருகிற ஓர் இளம்பெண்தான் மனிதவள அதிகாரி. மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். “எல்லாம் நல்லாயிருக்கு மேடம்” என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தாள்.

மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பைக் ஸ்டாண்டில் யாருடைய ஸ்கூட்டர் சீட்டையோ துடைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவள் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள்.