அக்காவின் வசம் இருந்த என் சிறுநீரகம்

2003 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) போனபோது, என்னை மூலை அறைக்கு அனுப்பினார்கள். எனக்கென்று தனி இயந்திரம். அரியலூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவனுக்குத் தனி அறை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ரத்தத்துல ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) வந்திருக்கு," என்றார் டாக்டர். "இது போனாத்தான் ஆபரேஷன்."

ஆபரேஷன் என்றால், கீழப்பழுவூரில் இருக்கும் அக்கா எனக்குத் தரவிருந்த சிறுநீரகம். தையில் நாள் குறித்திருந்தோம்.

"நான் தயாரா நிக்கறேன், நீ போயி கிருமிய வாங்கிட்டு வந்து நிக்கிற," என்றாள் அக்கா. "தை மாசம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்டா!"

கல்லீரல் என்றதுமே அவள் மஞ்சள்காமாலை என்று முடிவுகட்டிவிட்டாள். அடுத்த முறை பஸ் கீழப்பழுவூரில் நின்றபோது, ஒரு சொம்பு கீழாநெல்லிச் சாறு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சிறுநீர் பிரியாத எனக்கு அன்றைய நாளுக்கான மொத்தத் தண்ணீரே அவ்வளவுதான்.

"எனக்கு ஆகாதுக்கா. நீ குடி. எப்படியும் உன் கிட்னி எனக்குத்தானே வருது?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். பஸ் கிளம்புவதற்குள் சொம்பைக் காலி செய்துவிட்டாள்.

இன்டர்ஃபெரான் (கிருமியை எதிர்க்க உடலைத் தூண்டும் ஊசி) போட்ட நாளெல்லாம் குளிர்காய்ச்சல். பங்குனி வெயிலில் கம்பளிக்குள் கிடந்தேன். அக்காவோ ஊறுகாயை நிறுத்தினாள். தலைவலிக்கு மாத்திரை போட மறுத்தாள். மாமா வண்டியைப் பள்ளத்தில் விட்டால், "தம்பி பொருளு உள்ள இருக்கு, பாத்து ஓட்டுங்க" என்று அதட்டுவாளாம்.

மூலை அறைக்கு மாற்றப்படுகிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். இது ரத்தத்தின் வழியாகப் பரவுவது. ஷேவிங் பிளேடு, பல் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

ஊசியெல்லாம் முடிந்தும் கிருமி போகாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒரே ஒரு முறை, "போகலன்னா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சிருக்கேன், அவ்வளவுதானே," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

2005 சித்திரையில், கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனியில் ஆபரேஷன்.

இப்போது செவ்வாய்க்கிழமை வெறும் செவ்வாய்க்கிழமையாக வந்து போகிறது. தாகம் எடுத்தால் குடிக்கிறேன். குடித்தது தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. சந்தோஷமாக எழுந்து போகிறேன். வீட்டுக்கு வரும் அக்கா என் முகத்தைப் பார்ப்பதில்லை. சிறுநீரகத்தை வைத்துத் தைத்த என் வலது அடிவயிற்றைப் பார்த்துக் கேட்கிறாள்: "என்ன, நல்லா பாத்துக்கறானா?"

கேள்வி என்னிடம் அல்ல என்பதால் நான் வாய் திறப்பதில்லை.