அம்மாக்களுக்குப் போன் போடும் ஃபாமா

"அய்மனோட அம்மாவா? நான் ஃபாமா பேசுறேன். பிள்ளை நல்லா இருக்கான், பதறாதீங்க. அவனோட இன்சூரன்ஸுக்குத்தான் மூச்சு வாங்குது."

காலையில் கடையைத் திறந்ததும், கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் ஃபாமா இப்படித்தான் தொடங்குவார். தலைத்துணிக்கும் காதுக்கும் நடுவில் செருகிய போன் கடை அடைக்கும்போதுதான் வெளியே வரும். இரண்டு கைகளும் சும்மா இருப்பதால் ஒன்று தாளைப் புரட்டும், மற்றது தின்பதற்கு எதையாவது தேடும். ஆள் அகலம். சிரிப்பு அதைவிட அகலம்.

எங்கள் ஊர் தெத்துவானிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொடுப்பது அவர் தொழில். அக்கரையிலேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வேண்டுமென்றால் ஐந்து வருடமும் காப்பீடு விட்டுப்போகாமல் இருந்திருக்க வேண்டுமாம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? அதனால் ஃபாமா அவர்களை விட்டுவிட்டு அம்மாக்களைப் பிடிக்கிறார். பணம் கட்டிக் கையெழுத்துப் போடுவதும் அவர்கள்தானே.

"கம்பெனிக்காரி கூப்பிட்டா எவன் எடுப்பான்? பெத்தவ கூப்பிட்டா குளிச்சிக்கிட்டு இருந்தாலும் எடுப்பான்."

பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கும் எனக்கு இந்தப் பேச்செல்லாம் சுவர் வழியாக வந்துவிடும். எந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், எல்லாம் எனக்கும் தெரியும்.

ஃபாமா திணறி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. போன வருடம், அய்மனுக்கு ஐந்தாவது வருடக் காப்பீடு எடுக்க வேண்டிய கடைசி நாளில், அவன் அம்மா ரிமூ தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் புயலாய் நுழைந்தார்.

"என் பிள்ளை செத்தா உடம்பை ஊருக்கு அனுப்புவோம்னு இதுல எழுதியிருக்கு! நாலு வருஷமா இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்? அந்த வரியை எடு. இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

"எடுத்துட்டா அங்க வாங்கிக்க மாட்டாங்கக்கா. பிள்ளை பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

"போகட்டும். எனக்குப் பிள்ளை இருந்தாப் போதும்."

நான்கு வருடம் கண்ணில் படாத பொடி எழுத்து அன்று எப்படிப் பட்டது? அந்த வாரம்தான் ரிமூவுக்கு நான் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்திருந்தேன். வாசலில் எட்டிப் பார்த்த என்னை ஃபாமா பிடித்துக்கொண்டார்.

"வாங்க கண்ணாடிக்காரரே! இவ்வளவு நல்லாத் தெரியற மாதிரி போட்டுக்குடுக்கச் சொல்லி ஒங்களை யாரு கேட்டா?"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபாமா மேசை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"அங்க அனுப்புற தாள்ல கை வைக்க முடியாதுக்கா. ஆனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போற தாளு ஒங்களோடது." அந்த ஒரு வரியை மட்டும் நாடா போல வெட்டி எடுத்தார். ரிமூ தாளைத் தூக்கி, அந்தச் சந்து வழியாகக் கடையைப் பார்த்தார். மனம் பாதி இறங்கிவிட்டது.

"சரி, அந்தத் துண்டை என்ன செய்வே?"

"குப்பையில போடுறேன்."

"காத்து தூக்கிட்டுப் போயி எவன் தலையிலயாவது ஒட்டும்."

"எரிச்சிடுறேன்."

"புகை கடலைத் தாண்டிப் போகும்டீ!"

ஃபாமா துண்டைச் சுருட்டினார், வாயில் போட்டார், மென்றார், புதினா டீயை ஊற்றி விழுங்கினார். "போச்சா? இனிமே அது என் வயித்துப் பாடு."

ரிமூ சிரித்த சிரிப்பில் புதுக் கண்ணாடி மூக்கைவிட்டு நழுவியது. சிரித்துக்கொண்டேதான் கையெழுத்தும் போட்டார்.

இந்த வாரம் அய்மனுக்கு நிரந்தர அனுமதி அட்டை கிடைத்துவிட்டது. இன்று காலை தெருமுனையிலிருந்தே ரிமூவின் குலவைச் சத்தம். கையில் ஒரு தட்டு நிறைய, பாதாம் அடைத்த பிறைப் பணியாரம். நானும் ஓடி வந்து இரண்டு எடுத்துக்கொண்டேன். சொல்லப்போனால் என் வீட்டுப் பிள்ளைக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

ஆனால் ரிமூவின் வாயில் எந்தச் செய்தி தங்கும்? இப்போது வருகிற அம்மாக்கள் எல்லாம் அந்தத் துண்டை ஃபாமா தின்றால்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். "இத்தனை சாவைத் தின்னும் எடை குறையலையே" என்று அவரே இடுப்பில் தட்டிச் சிரிக்கிறார். இன்று வந்த பெண்மணி வீட்டிலிருந்தே கத்தரிக்கோல் கொண்டுவந்திருந்தார்.

ஃபாமா காதில் செருகிய போனில் வேறொரு அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டே துண்டை வாங்கினார். ரிமூவின் பணியாரம் ஒன்றை இரண்டாகப் பிட்டார். துண்டை நடுவில் வைத்து மூடி, முழுதாக வாய்க்குள் தள்ளிவிட்டு, அந்தப் பெண்மணியின் பக்கம் பேனாவை நீட்டினார்.