ஏழாவது பரிந்துரை

பவளராணி டென்மார்க்குக்கு வந்து முப்பத்தொரு வருடங்கள். அதில் இருபத்திரண்டு வருடங்கள் மேற்கு யூட்லாந்தின் ஒரு சிறிய நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் போயின. லோனெ என்ற டெனிஷ் சமையல்காரியும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தே பதினெட்டு வருடம். அதிகம் கதைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருத்திக்கு முதுகு பிடித்தால் மற்றவள் பெரிய சட்டியைத் தூக்குவாள்.

கடிதம் போன வருடத்துக்கு முந்தைய மாசியில் வந்தது. கொமுன், அதாவது அந்த ஊர் நகரசபை, என்ன அனுப்பினாலும் பவளராணி தானாகத் திறக்க மாட்டார். மகள் மிதுஷா தொலைபேசியில் திறந்து வாசித்தாள். ஊரில் முதியவர்களின் தொகை கூடுகிறது, பராமரிக்க ஆட்கள் குறைகிறார்கள், இனி என்ன செய்வது என்பதைச் சபை மட்டும் முடிவெடுக்காமல் மக்களிடமும் கேட்கப்போகிறதாம். அதற்காகக் குலுக்கலில் முப்பத்தாறு பேரை எடுத்திருக்கிறார்கள். ஐந்து சனிக்கிழமைகள் கூடிப் பேசிப் பரிந்துரைகள் கொடுக்கவேண்டும். அந்த முப்பத்தாறில் ஒருவர் பவளராணி.

கணவர் சிவானந்தன், விழுந்ததுதான் விழுந்தது, லொத்தரில் விழுந்திருக்கலாமே என்றார். பவளராணி சிரிக்கவில்லை. வந்த நாள் தொட்டு அவரிடம் கேட்டதெல்லாம் எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், எந்தப் பாடம் முடித்தாய் என்பவைதான். என்ன நினைக்கிறாய் என்று எவரும் கேட்டதில்லை. வேலையிடத்தில் ஐந்து சனிக்கிழமைகளை மாற்றி வாங்கினார்.

கூட்டம் நூலக மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு ஆறு பேர். அவருக்குப் பக்கத்தில் நிக்கலஸ் என்ற தொழிற்கல்லூரி ஆசிரியர், நல்ல மனிதர். விளங்காத இடங்களில் மெல்லிய குரலில் திரும்பச் சொல்லுவார். முதல் இரண்டு சனியும் பவளராணி வாய் திறக்கவில்லை. மூன்றாம் சனி ஒரு ஆலோசகர் வந்து, எல்லா இல்லங்களுக்கும் ஒரே சமையலறையில் சமைத்துக் குளிரூட்டி அனுப்பினாலும் சத்து குறையாது என்று படம் போட்டு விளக்கினார். பவளராணி எழும்பினார்.

"சத்து பெட்டியில் இருக்கும். அவர்கள் சாப்பிட மாட்டார்கள்," என்றார். "எங்கள் இல்லத்தில் இருபத்தாறு பேர். அரைவாசிப் பேருக்குப் பசி என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது. வெங்காயம் பொரிகிற மணம் வந்தால்தான் அறையை விட்டு வெளியே வருவார்கள். அந்த மணத்தை லொறியில் அனுப்ப ஏலாது."

அவர் சொன்னதை நிக்கலஸ் நல்ல டெனிஷில் எழுதினார். அது இரண்டாவது பரிந்துரை ஆனது: ஒவ்வொரு இல்லத்திலும் சமையலறை இருக்கவேண்டும். முப்பத்தாறில் முப்பத்துமூன்று பேர் ஆதரித்தார்கள். அன்று பஸ்ஸில் வரும்போதே மிதுஷாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அவள் டெனிஷில், உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது என்றாள்.

கடைசிச் சனி, நான்கு மணிக்குள் பன்னிரண்டு பரிந்துரைகளுக்கும் வாக்கெடுத்து முடிக்கவேண்டியிருந்தது. ஏழாவதைக் கூட்ட நடத்துனர் வேகமாக வாசித்தார். இல்லங்களின் வேலைகளும் வசதிகளும் ஒன்றோடொன்று "சம்தென்கெ" செய்யப்படவேண்டும். அந்தச் சொல்லைப் பவளராணி அதற்குமுன் கேட்டதில்லை. சேர்த்து யோசிப்பது என்று பட்டது. சேர்த்து யோசித்தால் என்ன கெடுதல்? நிக்கலஸும் ஆதரவுக்கான பச்சை அட்டையைத் தூக்கினார். அவரும் தூக்கினார். மேயர் வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார், படம் பிடித்தார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது பவளராணியின் முகம்.

பதினொரு மாதம் கழித்துச் சபை முடிவெடுத்தது. பவளராணியின் இல்லம் உட்பட மூன்று இல்லங்களின் சமையலறைகள் மூடப்படும். ஒரே இடத்தில் சமையல் நடக்கும். இரண்டாவது பரிந்துரையை "ஆர்வத்துடன் கவனத்தில் எடுத்தோம்" என்று ஒரு வரி. ஏழாவதை நிறைவேற்றுவதாக இரண்டு பக்கம்; "சம்தென்கெ" என்றால் ஒன்றாக இணைப்பது என்று அதில் பொருள். இது எங்கள் விருப்பமல்ல, மக்களே கேட்டது என்று மேயர் உள்ளூர்ப் பத்திரிகையில் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் லோனெ அறிக்கையின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து வெட்டுப்பலகையில் வைத்தாள். பவளராணி இரண்டாவது பரிந்துரையைப் பற்றிச் சொன்னார், தான் எழும்பிப் பேசியதைச் சொன்னார். லோனெ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏழாவதற்கும் நீ அட்டை தூக்கினாயா?"

"தூக்கினேன்."

விளங்காமல் தூக்கினேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு ஒரு சொல் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்லுவது? லோனெ அடுப்புப் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு பெரிய சட்டியைத் தனியாகவே தூக்கினாள்.

பவளராணி சும்மா இருக்கவில்லை. ஏழாவது பரிந்துரையின் கருத்து சமையலறையை மூடுவதல்ல என்று மிதுஷாவைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து, மற்ற முப்பத்தைந்து பேருக்கும் அனுப்பினார். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். நிக்கலஸ் போடவில்லை, தொலைபேசி எடுத்தார்.

"ராணி, எனக்கும் கவலைதான்," என்றார். "ஆனால் எங்களை ஒருவரும் தெரிவு செய்யவில்லை. குலுக்கலில் வந்தவர்கள் நாங்கள். மக்கள் தெரிவு செய்தவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் இடம் அவ்வளவுதான்."

"அப்படியென்றால் மக்கள் கேட்டது என்று ஏன் சொல்லுகிறார்கள்?"

நிக்கலஸ், வகுப்பு தொடங்கப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

சபைக் கூட்டம் தொடங்குமுன் பொதுமக்கள் கேள்வி கேட்க இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். பவளராணி போய் நின்றார். கேள்வியைத் தாளில் எழுதி வீட்டில் பலமுறை வாசித்துப் பழகியிருந்தார். முப்பத்துமூன்று பேர் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டு, அதை எங்கள் பெயரில் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். மேயர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். உங்களைப் போன்றவர்களின் ஈடுபாடுதான் ஜனநாயகத்துக்குத் தேவை என்றார். பதில் எழுத்தில் வரும் என்றார். வந்தது. அதில் "சம்தென்கெ" நான்கு இடத்தில் இருந்தது.

வைகாசியில் அடுப்புகளைக் கழற்றினார்கள். லோனெ ஹொல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். கடைசி நாள் எல்லோரையும் கட்டியணைத்தாள். பவளராணிக்குக் கை கொடுத்தாள். பவளராணி அங்கேயே இருந்தார். லொறியில் வருகிற பெட்டிகளைச் சூடாக்கிப் பரிமாறுவது இப்போது அவரது வேலை. அதற்கொரு புதிய பதவிப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் நகரசபைத் தேர்தல் வந்தது. இலங்கையில் இருந்த காலத்தில் பவளராணி வாக்களித்ததே இல்லை. இங்கே உரிமை கிடைத்த பிறகு ஒரு நகரசபைத் தேர்தலையும் விட்டதில்லை. அன்று சிவானந்தன் பின்னேரம் சேட்டு மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வெளிக்கிடும், பூட்டப்போறாங்கள்."

"நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு ஏலாது."

"என்ன, சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன்," என்றார் பவளராணி.

சிவானந்தன் தனியாகப் போனார். மேயர் முன்னரைவிட அதிக வாக்குகளால் வென்றார். அவரது கட்சி விட்ட துண்டுப்பிரசுரத்தில், அடுத்த நான்கு வருடத்தில் பாடசாலைகளைப் பற்றியும் குலுக்கல் முறையில் மக்களிடம் கேட்கப்படும் என்று எழுதியிருந்தது.